நீலாயதாட்சி வீட்டு வாசல் மணல்

எழுபத்தேழு புயலுக்கு மறுவருஷம், பட்டினச்சேரிக் கரையைக் காப்பாற்ற என்னை அனுப்பினார்கள். ஓவர்சியர் மரியசூசை என்றால் சாக்கடைக்கு நன்றாக வாட்டம் பார்ப்பவன் என்று காரைக்காலில் பெயர். சாக்கடைத் தண்ணீர் என் பேச்சைக் கேட்கும். கடலும் கேட்கும் என்று நம்பினேன்.

கரையோரக் கடைசி வீடு நீலாயதாட்சியுடையது. கருவாடு காயப்போட்டுப் பிழைப்பவர், தனி ஆள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் அடம்பங்கொடி படர்ந்த மணல்மேடு ஒன்று இருந்தது. அலையைத் தடுக்கக் கல் கொண்டுவந்த லாரி அதில் சக்கரம் புதைந்து நின்றதும், மேட்டை வெட்டி வழி விடச் சொன்னவன் நான்தான். கொடியையும் பிடுங்கச் சொன்னேன். பெரிய அதிகாரி பார்வையிட வரும்போது கரை சுத்தமாக இருக்க வேண்டாமா? நாலு லாரிக் கல்லை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் வயிற்றை உள்ளே இழுத்தபடி நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அலை வந்து கல்லில் மோதியது. கல்லுக்கு அடியிலிருந்த மணலை அரித்தது. கல்வரிசை முடிந்த இடத்தில் திரும்பி, நீலாயதாட்சியின் வேலியையும் முருங்கை மரத்தையும் கொண்டுபோனது. கார்த்திகை முடிவதற்குள் கற்கள் ஒவ்வொன்றாக மணலுக்குள் இறங்கிவிட்டன. மழை விட்டபோது அலைக்கும் அவர் வாசற்படிக்கும் பன்னிரண்டு தப்படி. நானே நடந்து அளந்தேன். இன்னொரு மழைக்காலத்துக்கு வீடு தாங்காது.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "ஒக்காருங்க சார், டீ போடுறேன். ஒங்க கல்லு எங்க போச்சுன்னு ரெண்டு பேருமா தேடுவோம்" என்றார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிள் தானாகவே அங்கே போகத் தொடங்கியது. ஜாமீனில் வந்தவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போவது மாதிரி. மாசியில் ஒரு காலை, வாசலுக்கு முன்னால் கருவாடு காயும் களத்தைச் சுற்றிக் கட்டிய பனையோலைப் படலின் அடியில் குவிந்த மணலைக் கூடையில் வாரிக் கடல் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தார். படல் நாய் உள்ளே வராமலிருக்கக் கட்டியது. மத்தியானக் காற்றில் வரும் மணல் அதில் தட்டி விழுமாம். ஒரு வாரம் வாராவிட்டால் முழங்கால் உயரம் ஏறி, நாய் சுலபமாகத் தாண்டிவிடுமாம். பதினெட்டு வருஷமாக வாருகிறாராம்.

என் கற்கள் மணலுக்குள் இறங்கியதைவிட மெதுவாகத்தான் விஷயம் என் மண்டைக்குள் இறங்கியது.

"அக்கா, அத வாராதீங்க. சேந்தா மேடாயிடும்."

"வாராட்டி களம் மூடிப்போயிடும். கருவாட்ட ஒங்க ஆபீஸ் மொட்டமாடியிலயா காயப்போடுறது?"

"வீட்டுக்குப் பின்னால போடுங்க. எடத்த நானே சமம் பண்ணித் தாரேன்."

"நீங்க சமம் பண்ண எடத்தத்தான் தெனம் பாத்துக்கிட்டு இருக்கேனே."

ஆனாலும் யோசித்தார். பின்பக்கம் காற்று குறைவு, மீன் காய ஒரு நாள் கூடப் பிடிக்கும். பிடித்தால் பிடிக்கட்டும், வீடு இருக்குமே என்று அவரே முடிவுக்கு வந்தார்.

படலைக் கடலுக்கு எதிராக நீளமாகக் கட்டினோம். மணல் ஓலையை மூடியதும் அதன் மேலேயே அடுத்த படல். மணலைப் பிடித்து நிறுத்தும் அடம்பங்கொடியை ஊரின் தெற்குக் கோடியிலிருந்து முழம் முழமாக வெட்டிவந்து, பிடுங்கியவன் கையாலேயே நட்டேன். லாரிக்காக நான் வெட்டிய வழியில் ஊர் மீனவர்கள் படகுகளை இழுத்து ஏற்றப் பழகியிருந்தார்கள். அலையும் அந்த வழியாகத்தான் நேராக வாசலுக்கு வரும். வழியை அடைத்துவிட்டுச் சற்று வடக்கே சாய்வாகப் பாதை விடலாமா என்று ஊர்த்தலைவர் செல்லையனிடம் கேட்டேன். படகை முப்பது தப்படி கூடுதலாக இழுக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் வெகுநேரம் சிரித்தார்கள். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்சியரும் ஒரு கை பிடிக்க வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தம் என் இடுப்புக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஐப்பசிக்குள் மேடு என் மார்பளவு வந்திருந்தது. அலை மூன்று நாள் அடித்தது. முன்வரிசைப் படலும் மேட்டில் பாதியும் போயின. மூன்றாம் நாள் குடையோடு ஓடினேன். வாசற்படியில் தண்ணீர் நின்றது. என் முகத்தைப் பார்த்த நீலாயதாட்சி குனிந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பில்ல சார். மழத்தண்ணிதான்."

நானும் தொட்டு நக்கிப் பார்த்தேன். அரசாங்க வேலையில் நான் செய்த உருப்படியான பரிசோதனை அது ஒன்றுதான்.

மாசியில் காற்று திரும்பியது, படலில் மணலும் திரும்பியது. ஒரு ஞாயிறு போனபோது சோற்றில் மணல், பாயில் மணல் என்று ஒரு பாட்டம் புலம்பினார். கடலைத் தடுக்கச் சொன்னால் கரையையே வீட்டுக்குள் விட்டுவிட்டேனாம். மனு எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறேன் என்றேன். விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார்.

வாசலைக் கூட்டி, மணலைக் கூடையில் அள்ளி, எங்கே கொட்டுவது என்று கேட்டேன். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்பதுபோலப் பார்த்துவிட்டு, மேட்டைக் காட்டினார்.