சிவப்புச் சீட்டு ஒட்டிய வயலின்

வல்லம் வடகாலில் கார் ஸ்பீக்கர் செய்யும் கம்பெனி ஒன்றில், ஸ்பீக்கர்களைக் காதால் சோதிப்பது என் வேலை. கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு சி.டி. நூறு வருடத்துக்கு முந்தைய இசை என்பார்கள். வட்டின் மேல் 'பாலே', 'வயலின்' தவிர மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டன. முரசு அதிர்கிறதா என்று பார்க்க, பாலே என்ற நடன இசையில் நாற்பது விநாடி. மெல்லிய ஒலிக்கு வயலினில் நாற்பது விநாடி. மூன்று வருடமாக அந்த வயலினை நாற்பதாவது விநாடியில் நிறுத்தி வந்தேன். யாரோ பேச வாயெடுக்கும்போது கதவைச் சாத்துவதுபோல் இருக்கும்.

நாளை இந்த வேலைக்கு மெஷின் வருகிறது. சி.டி. குப்பைக்குப் போகும். ஒரு தடவையாவது வயலினை முடிவுவரை கேட்க, சாப்பாட்டு நேரத்தைச் சூப்பர்வைசர் ஜீவானந்தத்திடம் கேட்டு வாங்கினேன்.

"மணி அடிச்சா ஆஃப் பண்ணிடணும், நம்பிராஜா" என்றார்.

இசை இருபத்தைந்து நிமிடம். காலை லாட் ஸ்பீக்கர்களைச் சோதித்து முடிக்கத் தாமதமானதில் எனக்கு மிஞ்சியது இருபது.

பக்கத்து மேஜை மஞ்சுளா, மண்ணூர்க்காரி, டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தாள். பத்தாவது நிமிடத்தில் வாத்தியமெல்லாம் அடங்கிப்போனது. நான் மூச்சை நிறுத்திக் காத்திருந்தேன். சத்தம் நின்றால் பழுது என்று ஒட்டும் சிவப்புச் சீட்டை, அவள் கை, பழக்கத்தில், ஸ்பீக்கர்மேல் ஒட்டிவிட்டது.

அப்போது வயலின் தனியாக, மிகச் சன்னமாக எழுந்தது.

"அய்ய, இது உசுரோடதான் கீதே?" என்றாள்.

பத்து நிமிடம் கழித்து மணி அடித்தது. ஜீவானந்தம் வந்து பட்டனுக்குக் கை நீட்டினார். சீட்டைப் பார்த்ததும் கை நின்றது. சிவப்பு விழுந்த பீஸை, பழுது என்று சொன்ன இடத்தைச் சூப்பர்வைசர் தன் காதால் கேட்காமல் எடுக்கக் கூடாது.

"எங்க சவுண்டு போச்சு?"

"கடைசில சார்" என்றாள் மஞ்சுளா, என் பக்கம் திரும்பாமல். "கடைசி அஞ்சு நிமிஷம்."

"நல்லா மாட்டினேன்" என்று முனகி உட்கார்ந்தார்.

முதல் நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. வயலின் ஏறி, ஏறி, ஒரே ஸ்வரத்தில் நின்று கரைந்தது.

அவர் சீட்டில் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வாசலில் நின்றார்.

"அந்த டான்ஸு மியூசிக் எவ்ளோ நேரம் வரும்?"

"முப்பது நிமிஷம் சார்."

"நாளைக்கு மெஷின் சாயங்காலம்தான் வருது" என்றார். "லாட்டை சீக்கிரம் முடிச்சு வை."