வரிசை தப்பாத ஜெபம்

1927 ஆகஸ்ட் 9, செவ்வாய். நேற்று சுகிர்தத்தின் ஜெபத்துக்கு நேராக 'சரி' என்று எழுதியது தவறு. நன்றி சொல்லாமலே ஆமென் சொல்லிவிட்டாள். நான் கவனிக்கவில்லை.

பொழுது சாயும் முன்பே இதைத் தன் நோட்டில் எழுதிவிட்டான் தங்கராஜு. மலாயாவில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் அவன் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. தொழிலாளிகளின் மனுக்களை வாங்கிப் பார்ப்பது அவன் வேலை. வாரம் மூன்று நாள் சைக்கிளில் டவுனுக்குப் போய், மாலை வகுப்பில் மனு எழுதும் முறையும் படித்து வந்தான். முதலில் வணக்கம், பிறகு இன்னார் என்பது, பிறகு வேண்டுகோள், கடைசியில் நன்றி. ஒன்று குறைந்தாலும் மனு திரும்பும். தனக்கு எதுவும் ஒழுங்காக வராது என்ற பயம் அவனைச் சின்ன வயதிலேயே பிடித்திருந்தது. அந்தப் பயத்தில், தன் பிள்ளைகள் ஆறு வயது சுகிர்தத்துக்கும் நாலு வயது தேவதாசுக்கும் ஜெபத்தையும் அதே வரிசையில் பழக்கினான். தப்பினால் முழங்காலை எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து.

"சோறு ஆறுது. கர்த்தர் என்ன உங்க ஆபீசு பெரிய கிராணியா?" என்றாள் அவன் மனைவி ஞானப்பூ.

"நீ சும்மா இரு. பழகினா வந்துடும்."

விளக்கேற்றிப் பாட்டு முடிந்ததும் சுகிர்தம் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, பேச்சியம்மாக்கா பாப்பாவுக்குக் காய்ச்சல்..."

"முதல்ல என்ன சொல்லணும்?"

அவள் மறுபடி ஆரம்பித்தாள். தன் பெயரை விட்டுவிட்டாள். இன்னொரு முறை ஆரம்பித்தாள். "நன்றி சொல்லுக்கா, பசிக்குது" என்று தேவதாஸ் அவளைக் கிள்ளினான். நாலாவது தடவை பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். அதில் பேச்சியம்மாளின் பிள்ளை இல்லை. தங்கராஜு அதைக் கவனிக்காமலே நோட்டை எடுத்துச் 'சரி' போட்டான்.

அப்போது வாசலில் யாரோ செருமினார்கள். பேச்சியம்மாள்தான்; தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். தோளில் துணி சுற்றிய ஒரு வயதுக் குழந்தை அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

"மூணு நாளா எறங்கலம்மா" என்று ஞானப்பூவிடம் சொன்னவள், குனிந்து சுகிர்தத்தைப் பார்த்தாள். "தாயி, உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. பச்சப்புள்ள கேட்டா தட்டாது."

சுகிர்தம் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"நான் மாட்டேன். பாப்பா பேரை எந்த எடத்துல சொல்லணும்னு தெரியல. தப்பா சொன்னா சாமி திருப்பி அனுப்பிடுவாரு. அப்புறம் பாப்பா செத்துடும்."

தங்கராஜு கையிலிருந்த நோட்டை மூடினான்.

"ஏன்யா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவத்தான் காலையில எங்க வீட்டுக்காரரு லீவு கேட்டு வந்தாரு" என்றாள் பேச்சியம்மாள். குரலில் கோபம் இல்லை. "கடுதாசி சரியில்லைன்னு நீங்க திருப்பிட்டீங்களாம். நாளைக்கு வேற யாரையாச்சும் எழுதச் சொல்லணும்."

அவள் புருஷன் அய்யாவுவின் கடுதாசி தங்கராஜுவின் நினைவுக்கு வந்தது. தேதி இல்லை என்று பார்த்தவன், எதற்கு லீவு என்று படிக்கவேயில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அப்படியே மண்டியிட்டான். பழகிய வணக்கம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, இந்தப் புள்ள... இந்தப் புள்ளையைப் பாரும்."

அதற்கு மேல் ஓடவில்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது சுகிர்தம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் தப்பா சொன்னீங்கப்பா."

"ஆமாம்மா."

"முதல்லேருந்து சொல்லலியா?"

"வேணாம்மா. தப்பா சொன்னாலும் அவர் கேப்பாரு. அப்பா உனக்குத் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பேச்சியம்மாளிடம் போய், துணிக்கு வெளியே தெரிந்த குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனபின் நோட்டைத் திறந்து, அன்றைய 'சரி'யை அடித்துவிட்டு எழுதினான்:

என் பிள்ளையை ஜெபம் பண்ணப் பயப்பட வைத்தவன் நானே. நாளை: விடியும் முன் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி பேசவேண்டும். அய்யாவுவின் லீவு மனுவை என் கையால் எழுதி, துரையிடம் நானே கொடுக்கவேண்டும்.