கறுத்துப்போன திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மருதுபாண்டி கக்கூஸில் குனிந்து பார்த்தான். தான் சாகப்போவது அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

கீழே கறுப்பு. ‘பழுப்புதான், வெளிச்சம் பத்தலை’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லாத கறுப்பு. நேற்றுப் போட்ட தார் ரோடு மாதிரி. லைட்டை அணைத்துப் போட்டும் பார்த்தான். கறுப்பு அசைந்துகொடுக்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு டாக்டர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, “குடல்புண். காரம், மசாலா, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் ஆகாது. என்னைக்காவது தார் மாதிரி போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அன்னைக்கே ஓடியாந்திரணும்” என்றிருந்தார். மருதுபாண்டி பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்து, மனைவி சித்ராவிடம் “வெறும் வாயுத்தொல்லை, கேஸ்தானாம்” என்றான். உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் மோர்சோறு. ரகசியம் மாத்திரை வடிவத்தில், செக்காலை ரோட்டில் அவன் வேலை பார்க்கும் பைக் ஷோரூமின் டிராயரில் பத்திரமாக இருந்தது. அதையும் வலிக்கிற அன்றைக்கு மட்டும்தான் போட்டான்.

இந்த லட்சணத்தில்தான் சனி, ஞாயிறு வந்தது.

கூடப் படித்த வீரபாண்டியன், பக்கத்து ஊரான நெற்குப்பையில் ஓட்டலாக மாற்றியிருந்த ஒரு பெரிய வீட்டுக்கு மேனேஜர். அடுத்த வாரம் திறப்பு. “மாப்ள, வெள்ளைக்காரன் வர்றதுக்கு முந்தி ஒரு ஜோடிய வச்சு ஒத்திகை பாக்கணும். ரெண்டு நாளைக்கு நீயும் சித்ராவும் ராசா ராணி. ஒரே கண்டிசன், எதையும் வேணாம்னு சொல்லப்படாது. சொன்னா ஒத்திகை கெட்டுப்போகும்.”

வேணாம் என்று சொல்லும் பழக்கம் மருதுபாண்டிக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது.

சனிக்கிழமை காலை இரண்டு பேர் அவனைப் பலகையில் கிடத்தி, வெந்நீரில் சூடாக்கிய எண்ணெயைத் தடவிப் பிசைந்து, புரட்டி, ஊறப்போட்டார்கள். மத்தியானம் அதே மரியாதை செய்யப்பட்ட கோழி இலைக்கு வந்தது. பிறகு காடை, நண்டு, சுக்கா. சமையல்கார சோணையம்மாள் இலையை மூட விடவில்லை. மூடப்போன கையைப் பிடித்து, “என்ன தம்பி, கோழி கொத்துறாப்புல கொத்துறீக?” என்று இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு கவலை, கவுனி அரிசி. கறுப்பரிசியைக் குழைய வேகவைத்துச் சீனி, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறும் இனிப்பு அது. வெள்ளைக்காரனுக்கு இனிப்பு எத்தனை போடுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வேளைக்கு ஒரு பக்குவமாகக் கிண்டிக் கொண்டுவந்து வைத்து, “இது எப்படி?” என்று முகத்தையே பார்த்தாள். இரண்டு நாளில் ஆறு பக்குவம். கடமை தவறாமல் இருவரும் ஆறுக்கும் கிண்ணத்தை வழித்தார்கள்.

கக்கூஸிலிருந்து வெளியே வந்த மருதுபாண்டிக்கு இதெல்லாம் ஞாபகமில்லை. சித்ரா அடுப்படியில் பேயறைந்ததுபோல் நின்றிருந்தாள். தனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டதோ என்று அவனுக்குப் பகீரென்றது.

“ஷோரூம்ல மீட்டிங். சீக்கிரம் போகணும்.”

“எனக்கும் ஸ்கூல்ல மீட்டிங்.”

அவளைக் கடைசித் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. “சிலிண்டர் புக் பண்ற நம்பர் பிரிட்ஜு மேல ஒட்டியிருக்கு” என்றான். அவள் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான், தளும்பிவிடக் கூடாதே என்று. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது கண்ணை இருட்டியது. டோக்கன் பதினாறு. உட்கார இடம் தேடியபோது மூன்றாவது வரிசையில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, டோக்கன் பதினாலு உட்கார்ந்திருந்தது.

“நீ எங்க இங்குட்டு?”

“நீங்க எங்க இங்குட்டு?”

சித்ரா தன் டோக்கனை முந்தானைக்குள் மறைத்தாள்.

“கறுப்பா…” என்றாள் சித்ரா, அழுகையை அடக்கிக்கொண்டு. “எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.”

“எனக்கும் கறுப்பு” என்றான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து அங்குட்டுப் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் தேனம்மை இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

“எந்தக் கல்யாணத்துக்குப் போனீக?”

“கல்யாணம் இல்ல டாக்டரம்மா. ஒத்திகை.”

“கவுனி சாப்பிட்டீகளா?”

“ஆறு தடவை.”

“எங்க சனங்க வீட்டுல கவுனி போட்டுக் கல்யாணம் முடிஞ்ச மறுநா இப்படி நாலு பேராவது வந்துருவாக. அரிசித் தவிட்டுக் கலரு அது. ரெண்டு நாள்ல போயிரும். பயப்படாம போங்க.”

சித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. டாக்டர் வழக்கப்படி, “ரெண்டு பேருக்கும் வேற வியாதி, மாத்திரை ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

“இல்ல” என்றாள் சித்ரா. “இவுகளுக்குக் கேஸ் மட்டுந்தான்.”

மருதுபாண்டி எழுந்துவிட்டான். கதவு நாலு எட்டு. அதைத் தாண்டினால் எல்லாம் அரிசி. யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. மூன்றாவது எட்டில் மறுபடி கண்ணை இருட்டியது. கதவின் கைப்பிடி இரண்டாகத் தெரிந்தது. சித்ராவுக்குப் பயப்படுவதா, சாவுக்குப் பயப்படுவதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“டாக்டரம்மா, எனக்குக் குடல்புண்ணு. நாலு மாசமா.”

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். படுக்கச் சொல்லிப் பிரஷர் பார்த்தார். நிற்கச் சொல்லிப் பார்த்தார். நின்றதும் அளவு சரசரவென்று இறங்கியது. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தின் முடிவு பத்து நிமிஷத்தில் வந்தது. ஹீமோகுளோபின் எட்டரை. பதிமூன்றாவது இருக்க வேண்டுமாம்.

“அவுகளுக்குக் கவுனி. உங்களுக்குக் கவுனியோட ரத்தமும் போகுது. இப்பவே அட்மிட் ஆகணும், குழாய் விட்டு ரத்தம் கசியிற எடத்த அடைக்கணும். அந்தக் கதவத் தாண்டிப் போயிருந்தா சாயங்காலம் உங்களத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாக.”

சக்கர நாற்காலி வந்தது. தள்ள வந்த ஆளை விலக்கிவிட்டுச் சித்ராவே தள்ளினாள். தாழ்வாரம் நீளமாக இருந்தது. மருதுபாண்டி கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“சித்ரா, எதையாவது சொல்லித் திட்டேன்.”

சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது.

கதவருகே நர்ஸ் காகிதத்தோடு நின்றாள். “நாலு மாசமா என்னென்ன சாப்பிட்டாக, எந்த மாத்திரை, எப்ப எப்ப வலி? விவரமாச் சொல்லுங்கம்மா.”

சித்ரா நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க” என்றாள். “நானும் இப்பத்தான் கேக்கப்போறேன்.”