மூத்தவள் எழுத்து

வழுவழுப்பான தாளைப் பலகையில் விரித்து, பிசுபிசுத்த கல்லச்சு மையைப் பக்கத்தில் வைத்தார் கதிர்காமநாதன். "இந்த வாட்டி தேயிலப் பொட்டலத்துக்கு இல்ல ரெங்கம். கல்யாணப் பத்திரிகைக்கு."

"யாரு கல்யாணத்துக்கு?" ரெங்கம்மாவுக்குத் தெரியும். புருஷன் வாயால் சொல்லட்டும் என்றுதான் கேட்டாள்.

"எனக்குத்தான். நமக்குப் புள்ள இல்லியே. பொண்ணு பேரு புஷ்பம்."

பதுளைக் கடைவீதியில் அவள் நடந்ததில்லை. அவள் எழுத்துதான் அங்கே நடமாடியது. புருஷனின் கடைப்பலகை, பொட்டலத் தாள், சாம்பிராணிச் சுற்று எல்லாம் அவள் எழுதிக் கொடுத்து, கொழும்பில் கல்லில் ஏற்றி அடித்து வந்தவை. கொம்பு சுருண்டு, கால் நீண்டு, கடைசி எழுத்தின் வால் வரி முழுவதையும் அடியில் அணைத்துக்கொண்டு ஓடும். படிப்பறியாத தோட்டத்துச் சனம்கூட, "வால் எழுத்துத் தூளு குடுங்க மொதலாளி" என்றுதான் கேட்கும்.

"வெறும் அச்செழுத்துல அடிங்களேன்."

மாமியார் கதவோரத்திலிருந்து குரல் கொடுத்தாள். "அப்படி வந்தா மூத்தவ மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். ஒனக்குச் சம்மதமில்லாட்டி பொண்ணு குடுக்க மாட்டாங்களாம். ஒன் எழுத்தப் பாத்தாப் போதுமாம்."

"என்னைய வந்து கேட்டிருந்தா வேற பதிலு வந்திருக்கும் அத்த."

"அதுனாலதான் கேக்க விடல," என்றார் கதிர்காமநாதன். "எழுத மாட்டேன்னா சொல்லு. ஒங்கண்ணன் வீட்டுக்கு வண்டி கட்டச் சொல்றேன்."

தாளை இழுத்துக்கொண்டாள். கோணல் மாணலாக எழுதிவிடுவது என்று தீர்மானித்தாள். மனசில்லாமல் எழுதியது என்று பெண் வீட்டாருக்குப் பார்த்ததும் புரியும். சம்பந்தம் தானாக முறியும். முதல் எழுத்தை நசுக்கினாள். இரண்டாவதைச் சாய்த்தாள். மூன்றாவதற்குள் கை அந்தச் சாய்வையே ஓர் ஒயிலாக்கி, மற்ற எழுத்துகளையும் அதே பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விட்டது. புஷ்பத்தின் பெயரில் கொம்புமில்லை, காலுமில்லை. அங்கே என்ன அழகு காட்ட முடியும் என்றிருந்தாள். மனசு வேண்டாம் வேண்டாம் என்க, கை 'பு'வின் அடிக்கோட்டைக் கொடியாக இழுத்து, மாப்பிள்ளை பெயர்வரை கொண்டுபோய்ச் சுற்றியது.

"வேற தாளு இருக்கா?"

எட்டிப் பார்த்தவர் மை காயுமுன்பே எடுத்துக்கொண்டார். "எதுக்கு? இதவிட அழகா நீ எழுதினதே இல்ல."

அடித்த கட்டு அப்புத்தளை வரை ரயிலில் வந்து, மாட்டுவண்டியில் பதுளைக்கு இறங்கியது. பத்திரிகையைப் பார்க்க வந்த புஷ்பத்தின் தாய் வாயெல்லாம் பல்லானாள். "கூடப் பொறந்தவளுக்குக்கூட இப்பிடி எழுத மாட்டாங்க! மூத்தவ மனசு தெரியுதே!"

"கைதாங்க எழுதுச்சு," என்றாள் ரெங்கம்மா.

"அடக்கத்தப் பாரேன்!" எல்லோரும் சிரித்தார்கள்.

மாமியார் குழைத்த மஞ்சளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். "நாலு மூலையும் நீயே தொட்டு வையி."

வெளியே மழை விடவில்லை, தாளெல்லாம் நமுத்திருந்தது. மேல் மூலையில் வைத்த மஞ்சள் அங்கே நிற்காமல் கசிந்து, பெயர்கள் இருந்த பக்கமாக மெல்ல இறங்கியது. ரெங்கம்மா துடைக்கவில்லை. அடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, விரலை இன்னும் ஆழமாகத் தோய்த்தாள்.