மூன்று துண்டு

வேலைக்கு ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மதியழகனுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. இண்டூர்ப் பக்கத்து கிரானைட் பட்டறையில் கல் பலகைகளுக்கு பெல்ட் சுற்றி கிரேன் கொக்கியில் மாட்டுவது அவன் வேலை. குனிந்தவன் கை அப்படியே நின்றது. பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது.

"இது தாங்காதுங்க."

"நேத்து தாங்குச்சில்ல?" மேஸ்திரி கலைவாணன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாட்டுடா. லாரி நிக்குது. புதுசு அடுத்த வாரம் வரும்."

கல்லைத் தள்ளிப் பிடிக்க ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் காத்து நின்றார்கள்.

அவன் அப்பன் பச்சியப்பனும் இதே பட்டறையில் இதே வேலை பார்த்தவர்தான். குடிப்பார். சம்பளத்தன்று வெறுங்கையோடு வருவார். யாரிடமாவது வம்பிழுக்காத நாள் கிடையாது. ஒருநாள் தேய்ந்த பெல்ட்டை முதலாளி கண்ணெதிரே இரண்டாக அறுத்துப் போட்டார். கூலியைப் பிடித்துக்கொண்டு துரத்திவிட்டார்கள். "பெல்ட்ட அறுத்துட்டு வந்திருக்காரு பாரு தொரை" என்று அம்மா மாதம்மாள் களிப்பானையைக் கவிழ்த்து வைத்தாள். பள்ளிக்கூடத்தில் 'பெல்ட்டறுத்தான் மவன்' என்றால்தான் மதியழகனைத் தெரியும். வெட்கத்தில் செத்திருக்கிறான். அறுந்ததை முடிச்சுப் போட்டு மறுநாளே கல் தூக்கினார்கள். முடிச்சு நழுவி, கூட வேலை செய்த சென்றாயனின் கால் போனது.

மதியழகன் கத்தியை எடுத்து பெல்ட்டை இரண்டு இடத்தில் அறுத்தான்.

"டேய்! அப்பன் புத்தி அப்படியே வந்திருக்குது பாரு!"

"ஆமாங்க. அவரு மவன்தான்."

ஒடிசாக்காரர்கள் கல்லைவிட்டு விலகினார்கள்.

வெயில் ஏறுமுன்பே வீடு வந்தவனை, கட்டிலில் கிடந்த பச்சியப்பன் தலை தூக்கிப் பார்த்தார். காலையிலேயே சாராய நாற்றம் அடித்தது.

"என்னாடா அதுக்குள்ள?"

"பெல்ட்ட அறுத்துட்டேன்ப்பா. வெளிய அனுப்பிட்டானுங்க."

பச்சியப்பன் எழுந்து உட்கார்ந்தார். "எத்தன துண்டு?"

"மூணு."

"முடிச்சுப் போட்டா?"

"கல்ல சுத்த நீளம் பத்தாது."

பச்சியப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏ மாதம்மா! தொரை மவன் வந்திருக்கான், சோறு போடு!"

"ரெண்டு தொரைக்கும் எங்கிருந்து போடறது?" என்றவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

மகனுக்கு ஒரு மாதக் கூலியைப் பட்டறை தரவில்லை. அப்பனிடம் பிடித்த இரண்டு மாதக் கூலி இன்னும் வரவில்லை. சென்றாயன் காலுக்கு எதுவுமே தரவில்லை.