செவந்தியின் பத்துக் கிலோ

1

இந்தக் கதை என்னுடையதில்லை. கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த பெண் சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. பேரை மட்டும் மாத்திருங்க" என்றார். செவந்தி என்று மாற்றினேன். எடையை மாற்றவில்லை. (பஸ்ஸில் 'அவர்'. கதைக்குள் 'அவள்'. மரியாதைக் குறைவில்லை, பழக்கம்.)

2

முதல் தொடக்கம்: 'அதிகாலைப் பனியில் நடந்துகொண்டிருந்த செவந்தியின் மனம் எங்கெங்கோ...'

வேண்டாம். நடக்கும்போது அவளுக்கு மூச்சுதான் வாங்கியது.

இரண்டாவது: செவந்தியின் தம்பி மலையாண்டிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அக்காவின் சிறுநீரகம் பொருந்தியது. எல்லாப் பரிசோதனையிலும் தேறியவள் தராசில் தோற்றாள். எண்பத்து நான்கு கிலோ.

"பத்துக் கிலோ கொறைச்சிட்டு வாங்கம்மா, ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

மறுநாளே நடக்க ஆரம்பித்தாள். முந்திரிக்காட்டு ரோட்டில் தினம் ஆறு கிலோமீட்டர். நாய்த்தொல்லை என்று கணவன் அழகுமலை துணைக்குப் போனான். வீட்டில் ஒரே சமையல். அவள் தட்டில் மட்டும் சோறு பாதி.

ஐந்து மாதத்தில் அழகுமலை ஒன்பது கிலோ குறைந்தான். இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. செவந்தி குறைந்தது ஒன்றரை.

"ஏங்க, நீங்க அப்படி என்னதான் பண்றீங்க?"

"ஒங்கூட வாரேன், அம்புட்டுதான்" என்றான், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் போல.

4

மலையாண்டியின் மனைவி அமுதவல்லி ஒருநாள் வீடேறி வந்தாள்.

"அண்ணி, குடுக்க மனசில்லைன்னா சொல்லிருங்க. ஒளிச்சு ஒளிச்சுத் தின்னுக்கிட்டு எங்களை அலையவிடாதீங்க."

(இங்கே நானும் செவந்தியைச் சந்தேகித்தேன். அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், மேசைக்கடியில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை எழுதி வைத்தேன். கதைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. எவ்வளவு எழுதியும் அவள் அதைப் பிரிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

செவந்தி மறுநாளிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் நடந்தாள். வாரக் கடைசியில் முந்நூறு கிராம் கூடியிருந்தது. அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு—

அவள் அழுததை எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை.

5

அடுத்த முறை டாக்டரிடம் அமுதவல்லியும் போனாள். டாக்டர் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார்.

"இவங்க ஏமாத்தலைங்க. ரத்தக் கொழுப்பு, நாடித்துடிப்பு எல்லாம் நல்லா இறங்கியிருக்கு. நடக்காம இது வராது. சில ஒடம்பு அப்படி. நடந்து செலவழிச்சத மத்த நேரத்துல மிச்சம் புடிச்சிரும். பசியையும் ஏத்திவிடும். நெறைய பொறப்புலயே வர்றது. ஒங்க அப்பா எப்படி?" என்று செவந்தியைக் கேட்டார்.

"பகல் பூரா கெணறு வெட்டுவாரு. தொப்பை அப்படியேதான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

(தம்பிக்குப் பொருந்தியதும், தராசில் நகராததும், ஒரே வீட்டிலிருந்து வந்த சொத்து. இதற்குமேல் விளக்கினால் கட்டுரையாகிவிடும்.)

வெளியே வந்ததும் அமுதவல்லி டீக்கடைப் பக்கம் திரும்பினாள்.

"டீ குடிக்கிறீங்களா அண்ணி? சீனி இல்லாம சொல்லட்டா?"

"போட்டே சொல்லு" என்றாள் செவந்தி.

6

முடிவு ஒன்று: தராசு எழுபத்து நான்கு காட்டியது. (பொய். எண்பத்திரண்டு.)

முடிவு இரண்டு: டாக்டர் விதியைத் தளர்த்தினார். (கேட்டுப் பார்த்தார்கள். "ஒங்க உயிரையும் நான்தானம்மா பாக்கணும்" என்றுவிட்டார்.)

முடிவு மூன்று, முழுக்க என் கற்பனை: அழகுமலைக்கும் பொருந்துகிற ரத்த வகை. எடையும் இப்போது சரி. மனைவியிடம்கூடச் சொல்லாமல் போய்ப் பரிசோதித்துக்கொண்டு, "மலையாண்டிக்கு நான் குடுக்குறேன்" என்கிறான். ரத்த உறவில்லாததால் அரசுக் குழுவின் அனுமதிக்கு மனுப் போடுகிறார்கள்.

மூன்றையும் செவந்திக்குப் போனில் படித்துக் காட்டினேன். முதலிரண்டுக்கும் "ம்" கொட்டினார். மூன்றாவதுக்குச் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இது ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"அத மட்டும் போட்றாதீங்க. எங்க மாமியாருக்கு இன்னும் தெரியாது."

சரி என்றேன். ஆகவே மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. நீங்களும் படிக்கவில்லை.