தூதர் படிப்பு

தூதரகம் என்ற வார்த்தையே அப்பா ஜெயிலுக்குப் போன பிறகுதான் திலகவதிக்குத் தெரியும். அப்பா குப்பன், கடலூர் ராசாப்பேட்டைக்காரர். பஹ்ரைனுக்குப் போய் யாரோ ஒரு அரபியின் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் வலை இழுத்த இழுப்பில் பக்கத்து நாட்டுக் கடலுக்குள் போய் மாட்டிக்கொண்டார். கடலில் எவன் வந்து வரப்பு கட்டி வைத்திருக்கிறான், இது உன்னுது, இது என்னுது என்று தெரிய? பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அம்மா ராணியம்மாள் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாரியம்மன் கோயிலே கதி என்று கிடந்தாள். வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அது முடசல்ஓடையில் இருந்த தாய்மாமன் உத்திராபதியால்தான். அந்த வருஷம் முழுக்க அரிசியும் பருப்பும் அவர்தான் கொண்டுவந்து போட்டார்.

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு போனுக்குத் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண் அதிகாரி. பேச்சு இங்கிலீஷில். தெருவே கூடி நிற்க, பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த திலகவதியைப் பிடித்துத் தள்ளிப் போனைக் கையில் கொடுத்தார்கள். முதலில் அவளுக்குப் பாதி புரியவில்லை. அந்த அம்மா பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாக, திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் அப்பாவைப் பார்த்துப் பேசிவிட்டேன், நன்றாக இருக்கிறார், கோர்ட்டு விஷயம் முடிந்துவிட்டது, இந்த மாதமே அனுப்பி வைக்கிறோம். திலகவதி அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா தெரு மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

ஒரு பொம்பளை எங்கேயோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷனை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் அந்த நாற்காலியில் நானும் உட்காருவேன் என்று திலகவதி நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல், அப்பா வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லியும்விட்டாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

இரண்டாயிரத்து ஏழில் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். கடலூரில் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாற்றுக்கு இடமும் கிடைத்தது. அங்கேதான் மாமா குறுக்கே வந்து நின்றார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அக்கா மகள் மேல் உயிர்தான். ஆனால் அந்த உயிரை வைத்துக்கொண்டே மனுஷர் கழுத்தைப் பிடித்தார்.

"காலேஜுல்லாம் வேணாம் மச்சான். எம் புள்ள ஜெயசீலனுக்குன்னு பேசி வச்ச பொண்ணு. தெனம் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனா நாலு பேரு நாலு விதமா பேசுவான். ஊட்லேருந்தே படிக்கிறாப்ல எதுனா இருந்தா படிக்கட்டும், நான் வேணாங்கல."

"தூதர் வேலைக்கு எழுதுறது பெரிய பரீட்சை மச்சான். டெல்லிக்காரன் வைக்கிறது," என்றார் அப்பா.

"எழுதட்டுமே! படிப்ப முடிச்சி ஒரு தடவ எழுதட்டும். பாஸாயிட்டா எம் மருமவ ஆபீசரு, எனக்குத்தான பெரும? பாஸாவலன்னா தாலி. இன்னா சொல்ற?"

அப்பா என்ன சொல்வார்? வருஷம் முழுக்க வீட்டில் உலை வைத்த மனுஷனை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வருமா? தலையாட்டிவிட்டார். ஒரே ஒரு படிப்பு, ஒரே ஒரு பரீட்சை. அதற்குள் பிழைத்தால் பிழைத்தாள். திலகவதிக்கு அது போதும் என்றுதான் தோன்றியது. அவளுக்குத் தன் மூளை மேல் நம்பிக்கை இருந்தது.

அப்பாவும் மகளும் மஞ்சக்குப்பத்தில் லூயிஸ் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். லூயிஸ் தேடித் தேடி மூன்று படிப்புகளைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தான். ஒன்று, சிதம்பரத்தில் தபால் வழியில் பி.ஏ. வரலாறு. இன்னொன்று, டெல்லித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல். மூன்றாவதைத் திறந்ததும் திரை முழுக்கக் கொடிகள் பறந்தன. கோட்டுப் போட்ட ஆண்களும் பெண்களும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது ஐரோப்பாவுல ஒரு யுனிவர்சிட்டி. முழுக்க ஆன்லைன். பி.ஏ. இன்டர்நேஷனல் டிப்ளமஸி. சிதம்பரம் கீழவீதியிலயே ஆபீஸ் வச்சிருக்காங்க," என்றான் லூயிஸ்.

"டிப்ளமஸின்னா?"

"தூதர் வேலைப்பா," என்றாள் திலகவதி. சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"அப்ப அதப் போடு தம்பி."

லூயிஸ் தலையைச் சொறிந்தான். "இல்லண்ணே, அந்தப் பரீட்சைக்கு எந்த டிகிரின்னாலும் போதும்னு சொல்றாங்க. நம்ம ஊரு பி.ஏ.வே போதுமாம். எனக்குச் சரியா தெரியல, கேட்டுப் பாருங்க."

அப்பா சிரித்தார். அவர் வீட்டில் நண்டு வலை தனியாகக் கிடக்கும், எறா வலை தனியாகக் கிடக்கும், வஞ்சர வலையைத் தொட்டால் அம்மாவுக்கே திட்டு விழும். வலைக் கண்ணின் அளவு வேறு, நூலின் கனம் வேறு, போடுகிற ஆழம் வேறு. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்த மனுஷர்.

"தமாஷு பண்ணாத தம்பி. எந்த வலையப் போட்டாலும் எந்த மீனும் வரும்னு எவனாவது சொன்னா, அவன் கடலையே பாத்ததில்லன்னு அர்த்தம். தூதர் வேலைக்கு எதுக்கு ராஜா கதையப் படிக்கணும்? பேரே சொல்லுதே, இது தூதர் படிப்புன்னு."

லூயிஸுக்கென்ன, அவனும் சிரித்துவிட்டு விண்ணப்பத்தைத் திறந்தான். திலகவதியாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரிடமாவது விசாரித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் அப்பா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. டாக்டராக டாக்டருக்குப் படிக்கிறார்கள், வக்கீலாக வக்கீலுக்குப் படிக்கிறார்கள், தூதராவதற்கு மட்டும் எதைப் படித்தாலும் போதும் என்றால் யார் நம்புவார்கள்? திரையின் அடியில் 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று வேறு போட்டிருந்தது. எந்த நாட்டின் அங்கீகாரம் என்று அதில் இல்லை. அவள் கேட்கவுமில்லை.

சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்துப் படித்தாள். சனிக்கிழமை லூயிஸ் கடைக்குப் போய்ப் பாடங்களை அச்செடுத்துக்கொண்டு வருவாள். மற்ற நாளெல்லாம் மீன் கழுவிய கையோடு அதைப் பிரித்துக்கொண்டு உட்காருவாள். ஒப்பந்தத்தில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது, எந்தக் கொடி எந்தப் பக்கம் நிற்க வேண்டும், விருந்தில் யாரை எங்கே உட்கார வைப்பது, எல்லாம் தலைகீழாகப் பாடம்.

"இன்னிக்கு இன்னா படிச்ச?" என்று அப்பா வலையைப் பழுது பார்த்துக்கொண்டே கேட்பார்.

"ஒரு நாட்டுக்காரன இன்னொரு நாட்டுல புடிச்சாங்கன்னா, ஒன் தூதரகத்துக்குச் சொல்லட்டுமான்னு அவன்கிட்ட கேக்கணும்பா. கேக்காம இருக்கக் கூடாது. சட்டம்."

"என்ன ஒரு நாயும் கேக்கல," என்பார் அப்பா. பிறகு மகளை ஒரு பார்வை பார்ப்பார். ஊரில் எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போகக்கூடும், அத்தனை பேரையும் இவள் ஒருத்தி மீட்டுவிடுவாள் என்கிற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை.

இரண்டாயிரத்துப் பத்தில் பட்டமளிப்பு விழா. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மாமா வேன் பிடித்து ஊரையே ஏற்றிக்கொண்டு வந்தார். வாடகைக் கறுப்பு அங்கியில் திலகவதியைப் பார்த்து அம்மா அழுதாள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய துணைவேந்தருக்கு விமானம் கிடைக்கவில்லை என்று அறிவித்துவிட்டு, கீழவீதி ஆபீஸ் மேனேஜர் தில்லைநாதனே எல்லாருக்கும் பட்டம் கொடுத்தார். அப்போதாவது யாருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

மறுவருஷம் பரீட்சை. முதல்நிலைத் தேர்வை எழுத அப்பாவோடு சென்னைக்குப் போய்வந்தாள். பாஸாகிவிட்டாள்! மீன் விற்கிறவள் மகள், கல்லூரி வாசலை மிதிக்காதவள், தானே உட்கார்ந்து படித்துப் பாஸாகிவிட்டாள். தெருவுக்கெல்லாம் அம்மா சர்க்கரை கொடுத்தாள். மாமா கூட, "அடேங்கப்பா, எம் மருமவ லேசுப்பட்டவ இல்ல," என்று மீசையை முறுக்கினார். அடுத்து முதன்மைத் தேர்வு. அதற்கான விண்ணப்பத்தோடு பட்டத்தின் நகலை வைத்து அனுப்பினாள்.

வந்த பதில் சின்னது. அந்தப் பட்டம் இந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்டது இல்லை, ஆகவே தேர்வு எழுத அனுமதி இல்லை. திலகவதி அதைப் படித்தாள். திரும்பப் படித்தாள்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே சிதம்பரம் பஸ் ஏறினாள். கீழவீதியில் அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. உள்ளே ரீசார்ஜ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதே தில்லைநாதன்.

"யுனிவர்சிட்டி டை-அப்பெல்லாம் போன வருஷமே முடிஞ்சிடுச்சும்மா," என்றார், தலையைத் தூக்காமல்.

"டெல்லிப் பரீட்சைக்கு இது செல்லாதுன்னுட்டாங்க சார்," என்றாள்.

"கவர்மெண்ட் வேலை கிடைக்கும்னு நாங்க எங்கயாவது சொன்னோமா? பாடம் சொல்லித் தர்றோம்னு சொன்னோம். பாடம் வந்துச்சா இல்லியா? படிச்சியா இல்லியா?"

"படிச்சேன்."

"அப்புறம் என்ன? அறிவு எங்கயும் போவாதும்மா." பிறகு, இரக்கப்பட்டவர் போல, "அந்தப் பரீட்சைக்கா இதப் படிச்ச? அடப் பாவமே! அதுக்கு எந்த டிகிரின்னாலும் போதுமே. இதோ இங்க தபால்ல ஒரு பி.ஏ. தமிழ் போட்டிருந்தாக்கூட இந்நேரம் எழுதிட்டு வந்திருப்ப," என்றார்.

"எந்தப் படிப்புன்னாலுமா?" என்று அப்பா கேட்டார்.

"எதுன்னாலும். தாவரவியல், கணக்கு, எதுன்னாலும்."

அப்பா சண்டை போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று திலகவதி எதிர்பார்த்தாள். அவர் கடையை விட்டு இறங்கி, ரோட்டோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"லூயிசு தம்பி அன்னைக்கே சொன்னான்ல," என்றார்.

ஆமாம், சொன்னான். அந்த நிமிஷம் அவளுக்கு அப்பாவைப் பிடிக்கவில்லை. கடலைத் தவிர ஒன்றும் தெரியாத மனுஷர் எதற்காக எல்லாம் தெரிந்த மாதிரி பேசினார்? அவர் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய தன்னை அதைவிடப் பிடிக்கவில்லை. "பஸ்ஸு வந்துடும், எழுந்திருப்பா," என்று மட்டும் சொன்னாள்.

மாமா இவர்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா அவர் கையையே பிடித்துக்கொண்டார். "இன்னும் மூணு வருஷம் குடு மச்சான். இங்கயே தபால்ல படிச்சிட்டு மறுபடி எழுதட்டும். அவளுக்கு வயசு இருக்கு. தப்பு எம் பேர்ல."

"பாவமாத்தான் இருக்கு. ஆனா பேச்சு இன்னா பேசுனோம் மச்சான்? ஒரு தடவ. அதுவரைக்கும் எம் புள்ள காத்துக்கிட்டுதான இருந்தான்? பாஸாவல, விடு. எல்லாரும் பாஸாயிட முடியுமா?"

"நான் ஃபெயிலாவல மாமா!" என்று திலகவதி கத்தினாள். அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "எழுதுன பரீட்சையில பாஸானேன். அடுத்தத எழுத உடல. எழுதிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் ஃபெயிலாவல!"

"சரிம்மா, சரி. நீ ஃபெயிலாவல," என்றார் மாமா, குழந்தையைச் சமாதானம் செய்கிற குரலில். "பாஸும் ஆவலல்ல?"

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். தை மாதம் தாலி கட்டுவது என்று முடிவானது. மார்கழியில் அடித்த புயலில் கடலூரே சின்னாபின்னமாகிப் போனதால் கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. அவ்வளவுதான், நிற்கவில்லை.

பத்திரிகை அடிக்கச் சிதம்பரத்தில் ராமாமிர்தத்தின் அச்சகத்துக்குப் போனார்கள். மாமா, அப்பா, திலகவதி. ராமாமிர்தம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாப்பிள்ளை பேரை அடித்தார். ஜெயசீலன். எட்டாவதோடு படகில் ஏறியவன், பேருக்குப் பின்னால் போட ஒன்றுமில்லை.

"பொண்ணு பேரு?"

"செல்வி கு. திலகவதி," என்றார் மாமா. "பக்கத்துலயே பி.ஏ., இன்டர்நேஷனல் டிப்ளமஸின்னு போடுங்க. பெரிய எழுத்துல. எங்க குப்பத்துல இந்தப் படிப்பு படிச்சவங்க யாருமில்ல. மேடையில வைக்கிற பிளெக்ஸுலயும் இதே மாதிரி வரணும்."

"அது வேணாம் மச்சான்," என்றார் அப்பா. "அது செல்லாத படிப்பு."

"யாருக்குத் தெரியப் போவுது? பத்திரிகைய டெல்லிக்காரனா வந்து படிக்கப் போறான்?"

"வேணாம்னா உடேன்! எம் பொண்ண ஏன்…" அப்பா மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ராமாமிர்தம் யார் சொல்வதை அடிப்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். கடைசியில் திலகவதியைப் பார்த்தார்.

"போடுங்க சார்," என்றாள் அவள். "மாமா சொன்ன மாதிரியே பெருசாப் போடுங்க. டெல்லியில செல்லலன்னா இன்னா, கல்யாணப் பத்திரிகைல செல்லுதில்ல? அதுக்குத்தான் படிச்சேன்னு வச்சிக்குங்க."

மாமா, "அதான, எம் மருமவ புத்திசாலி," என்று சிரித்தார். ராமாமிர்தம் அடித்து முடித்து, திரையை அவள் பக்கம் திருப்பிச் சரிபார்க்கச் சொன்னார். திலகவதி தன் பேரையும் பட்டத்தையும் நிதானமாக ஒரு தடவை படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள்.